சென் பியேர், மார்ட்டினிக்

சென் பியேர் என்பது கரிபியக் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவின் வடமேற்குக் கரையில் அமைந்துள்ள ஒரு சிறு நகரமாகும். ஆங்கில உச்சரிப்பைப் பின்பற்றி இது செயின்ட் பியர் எனவும் எழுதப்படுவதுண்டு. மார்ட்டினிக் பிரான்சு நாட்டின் கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளுள் ஒன்று. 1635 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்களால் நிறுவப்பட்ட சென் பியேர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிற்றண்டிலிசுத் தீவுகளின் வணிக, பண்பாட்டு மையங்களுள் ஒன்றாக விளங்கியது. 1902 ஆம் ஆண்டு மே 8 ஆம் நாள் காலையில் அருகிலுள்ள பெலே எரிமலை வெடித்தபோது இந்நகரம் ஒரு சில நிமிடங்களில் முற்றாக அழிந்தது. ஏறத்தாழ 28,000 பேர் இறந்தனர். இருபதாம் நூற்றாண்டில் மிக அதிகமான உயிர்களைப் பலிகொண்ட எரிமலை வெடிப்பு இதுவேயாகும்.

இன்று இங்கு ஏறத்தாழ 4,000 பேர் வாழ்கின்றனர். அழிந்த நகரின் சுவர்களும் படிக்கட்டுகளும் புதிய வீடுகளுக்கு இடையிடையே காணப்படுகின்றன. இதனால் நகரம் முழுவதுமே ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் போல அமைந்துள்ளது. தமிழர் வரலாற்றிலும் இந்நகருக்கு ஓர் இடமுண்டு. 1853 இல் மார்ட்டினிக்குக்குக் கொண்டுவரப்பட்ட முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் கரையிறங்கிய துறைமுகம் இதுவாகும்.

அமைவிடம்

சென் பியேர், தீவின் தலைநகரான போர்ட் ட பிரான்சிலிருந்து வடமேற்கே சாலை வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நகரின் மேற்கே கரிபியக் கடலும், வடக்கே 1,397 மீட்டர் உயரமுள்ள பெலே எரிமலையும் அமைந்துள்ளன. எரிமலை வாய்க்கும் நகருக்கும் இடைப்பட்ட நேர்த்தொலைவு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் மட்டுமே. எரிமலைப் பாறைகள் சிதைந்து உருவானதால் இங்குள்ள கடற்கரை மணல் கருநிறமாகக் காணப்படுகிறது.

பழைய நகரம் மூன்று பகுதிகளைக் கொண்டிருந்தது. ராக்செலான் ஆற்றுக்கு வடக்கே மிகப் பழைய பகுதியான ஃபோர் (கோட்டை), நடுவில் மையப் பகுதி, தெற்கே கப்பல்கள் நங்கூரமிடும் மூயாஜ் என்பன அவை. கோட்டைப் பகுதியே எரிமலைக்கு மிக அருகில் இருந்தது. அழிவும் அங்கேதான் மிகக் கடுமையாக இருந்தது.

வரலாறு

குடியேற்றமும் வணிகமும்

1635 இல் பியேர் பெலேன் டெஸ்னாம்புக் என்பவரின் தலைமையில் வந்த பிரெஞ்சுக்காரர்கள் இங்கு ஒரு கோட்டையை அமைத்துக் குடியேறினர். மார்ட்டினிக்கில் பிரெஞ்சுக்காரரின் முதல் நிலையான குடியிருப்பு இதுவே. தீவின் பழங்குடிகளான கரிப் மக்கள் 1658 இல் நடைபெற்ற போருக்குப் பின் தம் நிலங்களை இழந்தனர். பிற்காலத்தில் நிர்வாகத் தலைநகரம் போர்ட் ட பிரான்சுக்குச் சென்றுவிட்ட போதிலும் வணிகம் சென் பியேரிலேயே நிலைத்திருந்தது. சர்க்கரையும் ரம் மதுவும் இங்கிருந்து ஏற்றுமதியாயின. நாடக அரங்கு, கல்லூரி, நாளிதழ்கள், குதிரை இழுக்கும் டிராம் வண்டி ஆகியவற்றைக் கொண்டிருந்த இந்நகரம் "அண்டிலிசின் சிறு பாரிசு" என அழைக்கப்பட்டது. எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் 1887 முதல் 1889 வரை இங்கு வாழ்ந்தார். அவர் எழுதி 1890 இல் வெளிவந்த நூல், அழிவுக்கு முந்தைய நகரைப் பற்றிய முக்கியமான பதிவுகளுள் ஒன்றாகும்.

அடிமை முறை ஒழிப்பு

இச்செல்வம் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பால் உருவானது. பிரெஞ்சு அரசு 1848 ஏப்ரல் 27 இல் அடிமை முறையை ஒழிக்கும் ஆணையைப் பிறப்பித்தது. ஆணை கப்பலில் வந்து சேரும் முன்னரே மார்ட்டினிக்கின் அடிமைகள் மே 22 இல் கிளர்ந்தெழுந்தனர். சென் பியேரும் அதன் அண்டைப் பகுதிகளும் இக்கிளர்ச்சியின் களமாக இருந்தன. மறுநாளே ஆளுநர் விடுதலையை அறிவிக்க வேண்டியதாயிற்று. மே 22 இன்றும் மார்ட்டினிக்கில் பொது விடுமுறை நாளாகும்.

தமிழ்த் தொழிலாளர் வருகை

விடுதலை பெற்றோர் பலர் கரும்புத் தோட்டங்களை விட்டு நீங்கியதால், தோட்ட உரிமையாளர்கள் இந்தியாவிலிருந்து ஒப்பந்த முறையில் தொழிலாளர்களை வரவழைத்தனர். இவர்களை ஏற்றிவந்த முதற் கப்பலான ஒரேலி 1853 மே 6 இல் சென் பியேரை அடைந்தது. அதன்பின் 1884 வரை ஏறத்தாழ 25,000 இந்தியர்கள் மார்ட்டினிக்குக்குக் கொண்டுவரப்பட்டனர். புதுச்சேரி, காரைக்கால் ஆகிய பிரெஞ்சுத் துறைமுகங்கள் வழியாக வந்த இவர்களுள் பெரும்பாலோர் தமிழர். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பலர் தாயகம் திரும்பினர். தங்கிவிட்டோரின் வழித்தோன்றல்கள் பெரும்பாலும் தீவின் வடபகுதியில் வாழ்கின்றனர். இவர்கள் இன்று பிரெஞ்சு மொழியையும் கிரியோல் மொழியையும் பேசுகின்றனர். தமிழ் இவர்களது அன்றாட வழக்கிலிருந்து மறைந்துவிட்டாலும் வழிபாட்டுப் பாடல்களில் அதன் எச்சங்கள் உள்ளன.

1902 எரிமலை வெடிப்பு

முன்னறிகுறிகள்

பெலே எரிமலை 1792 இலும் 1851 இலும் சிறிய அளவில் சாம்பலைக் கக்கியிருந்தது. அவ்விரு முறையும் நகருக்குப் பெரிய தீங்கு எதுவும் நேரவில்லை. எனவே மலை புகைவதை அபாயமாகக் கருதாத மனப்போக்கு மக்களிடையே நிலவியது.

1902 ஏப்ரல் மாதத்தின் பிற்பகுதியில் மலை மீண்டும் புகையத் தொடங்கியது. நில அதிர்வுகள் உணரப்பட்டன. கந்தக நெடி நகரெங்கும் பரவியது. மே மாதத் தொடக்கத்தில் தெருக்களிலும் கூரைகளிலும் சாம்பல் படிந்தது. மலைச்சரிவுகளிலிருந்து பாம்புகளும் பூச்சிகளும் தாழ்நிலங்களை நோக்கி வந்தன. மே 5 ஆம் நாள் எரிமலை வாயில் தேங்கியிருந்த நீர் கரையுடைத்துச் சேற்று வெள்ளமாக பிளான்ஷ் ஆற்றின் வழியே பாய்ந்து, ஆற்று முகத்துவாரத்திலிருந்த கெரான் சர்க்கரை ஆலையைப் புதைத்தது. ஆலையில் இருந்தவர்கள் உயிரிழந்தனர்.

மக்கள் வெளியேறாததன் காரணங்கள்

இவ்வளவு அறிகுறிகள் தென்பட்டும் நகரம் காலி செய்யப்படவில்லை. ஆளுநர் லூயி மூத்தே நிலைமையை ஆராய ஒரு குழுவை அமைத்தார். நகரின் உயர்நிலைப் பள்ளியில் இயற்கை அறிவியல் கற்பித்துவந்த காஸ்தோன் லாந்த் அக்குழுவில் இடம்பெற்றிருந்தார். எரிமலைக் குழம்பு வழிந்தாலும் மலைக்கும் நகருக்கும் இடையிலுள்ள பள்ளத்தாக்குகள் அதனைக் கடலுக்குத் திருப்பிவிடும் என்பதே குழுவின் கணிப்பு. எரிமலையின் அபாயம் என்பது மெதுவாக வழியும் குழம்பு மட்டுமே என்னும் அக்காலப் புரிதலை இது காட்டுகிறது. பள்ளத்தாக்குகளைத் தாண்டிப் பாயவல்ல வெப்ப முகிலைப் பற்றி அவர்கள் அறிந்திருக்கவில்லை.

மே 11 இல் நாடாளுமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்று நடைபெறவிருந்தது. அதன் பொருட்டு அரசு மக்களை வெளியேறவிடாமல் தடுத்தது என்னும் கருத்து நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகிறது. ஆயினும் இதற்குப் போதிய சான்று இல்லை என்று பிற்கால ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். நகரை விட்டுச் சிலர் வெளியேறினர். அதேவேளை மலைச்சரிவிலிருந்த கிராம மக்கள் பாதுகாப்புத் தேடி நகருக்குள் வந்துகொண்டிருந்தனர். மக்களுக்குத் தைரியமூட்டும் நோக்கில் ஆளுநரே தம் மனைவியுடன் சென் பியேருக்கு வந்து தங்கினார். அவர்களும் லாந்தும் மே 8 இல் இறந்தோருள் அடங்குவர்.

மே 7 இல், தெற்கே 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலுள்ள சென் வின்சென்ட் தீவின் சூஃப்ரியேர் எரிமலை வெடித்து ஏறத்தாழ 1,600 பேரைப் பலிகொண்டது.

மே 8 நிகழ்வு

மே 8 வியாழக்கிழமை கிறித்தவர்களின் விண்ணேற்றத் திருநாள் ஆகும். காலை ஏறத்தாழ 8 மணிக்கு மலை வெடித்தது. பல நூறு பாகை செல்சியசு வெப்பமுள்ள வளிமங்கள், சாம்பல், பாறைத் துணுக்குகள் ஆகியவை கலந்த முகில் ஒன்று நிலத்தையொட்டிப் பாய்ந்து மிகக் குறுகிய நேரத்தில் நகரை மூடியது. கட்டடங்கள் தகர்ந்தன. கிடங்குகளிலிருந்த ரம் தீப்பற்றியதால் நகரெங்கும் தீ பரவியது. மக்களுள் பெரும்பாலோர் கடும் வெப்பத்தாலும் சூடான சாம்பலைச் சுவாசித்ததாலும் இறந்தனர். ஓடித் தப்புவதற்கான கால இடைவெளி எவருக்கும் கிடைக்கவில்லை.

துறைமுகத்தில் நின்ற கப்பல்களும் தப்பவில்லை. ராட்டம் என்னும் பிரித்தானிய நீராவிக் கப்பல் மட்டும், பெரும்பாலான மாலுமிகள் மாண்டும் காயமுற்றும் இருந்த நிலையில், செயின்ட் லூசியா தீவைச் சென்றடைந்தது. அன்று பிற்பகல் வந்த சூஷே என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பல் கப்பல்களில் உயிருடன் இருந்த சிலரை மீட்டது.

உயிர் தப்பியோர்

நகருக்குள் இருந்தோருள் உயிர் தப்பியவர்களாக இருவரது பெயர்கள் பரவலாக அறியப்படுகின்றன. ஒருவர் லுட்ஜே சில்பாரிஸ்; இவர் சிப்பாரிஸ் எனவும் அழைக்கப்படுகிறார். சிறையின் தடித்த கற்சுவர்களாலான தனி அறையில் அடைக்கப்பட்டிருந்த இவர் கடும் தீக்காயங்களுடன் சில நாட்களுக்குப் பின் மீட்கப்பட்டார். பின்னர் மன்னிக்கப்பட்டு, அமெரிக்காவின் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கசில் காட்சிப்பொருளாகப் பங்கேற்றார். மற்றொருவர் நகரின் விளிம்பில் வாழ்ந்த லெயோன் கொம்பேர்-லெயாந்தர் என்னும் காலணித் தொழிலாளி. இவர்களைத் தவிர, முகில் கடந்து சென்ற எல்லையோரங்களில் காயங்களுடன் தப்பியோரும் இருந்தனர்.

பின்விளைவுகள்

மே 20 இல் ஏற்பட்ட மற்றொரு வெடிப்பு எஞ்சி நின்ற சுவர்களுள் பலவற்றை வீழ்த்தியது. ஆகத்து 30 இல் நிகழ்ந்த வெடிப்பு மோர்ன் ரூஜ் முதலிய ஊர்களில் மேலும் 1,000 பேருக்கு மேல் பலிகொண்டது. பிரெஞ்சு நிலவியலாளர் ஆல்பிரட் லக்ருவா இத்தீவில் தங்கி ஆராய்ந்து, 1904 இல் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். இவ்வகை முகிலைக் குறிக்க அவர் பயன்படுத்திய "நுயே ஆர்தாந்த்" (எரியும் முகில்) என்னும் பிரெஞ்சுச் சொல் அறிவியல் வழக்கில் நிலைபெற்றது. இன்று இது பைரோகிளாஸ்டிக் பாய்வு எனப்படுகிறது. இத்தகைய வெடிப்புகள் "பெலேயன் வகை" என இம்மலையின் பெயராலேயே குறிக்கப்படுகின்றன. இறுகிய எரிமலைக் குழம்பாலான ஒரு கல் ஊசி எரிமலை வாயிலிருந்து மேலெழுந்து 1903 இல் 300 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நின்றது. பின்னர் அது உடைந்து சரிந்தது.

மக்களே இல்லாமற் போனதால் 1910 இல் சென் பியேர் தன் நகராட்சித் தகுதியை இழந்து அண்டை ஊரான லெ கார்பேயுடன் இணைக்கப்பட்டது. மெல்ல மக்கள் குடியேறிய பின் 1923 இல் அத்தகுதி மீண்டும் வழங்கப்பட்டது. எனினும் வணிக முதன்மை போர்ட் ட பிரான்சுக்கு நிலையாகச் சென்றுவிட்டது. 1929 முதல் 1932 வரை மலை மீண்டும் சீறியபோது மக்கள் முன்கூட்டியே வெளியேறினர்.

நகரில் பார்க்க வேண்டிய இடங்கள்

நகரின் முக்கிய இடங்கள் யாவும் நடந்தே பார்க்கக்கூடிய தொலைவில் உள்ளன. அரை நாள் முதல் ஒரு நாள் வரை போதுமானது. தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வோர், எரிமலையை நெருங்க நெருங்க அழிவின் அளவு கூடுவதைத் தாமே காணலாம். கிழக்கு மேற்காக அமைந்திருந்த சுவர்கள் முகிலை நேருக்கு நேர் எதிர்கொண்டதால் விழுந்ததையும், வடக்குத் தெற்காக அமைந்தவை பல நின்றதையும் வெடிப்பின் பின் வந்த ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். முகில் வந்த திசையையும் அதன் விசையையும் அறிய இது உதவியது.

நினைவு அருங்காட்சியகம்

அமெரிக்க எரிமலையியலாளர் பிராங்க் பெரெட் 1929-1932 வெடிப்பை இங்கிருந்தே ஆராய்ந்தவர். அவர் 1933 இல் நிறுவிய அருங்காட்சியகம் புதுப்பிக்கப்பட்டு 2019 இல் "1902 பேரழிவின் நினைவகம்" எனத் திறக்கப்பட்டது. உருக்குலைந்த தேவாலய மணி, உருகி ஒட்டிக்கொண்ட கண்ணாடிப் பொருட்கள், கரியாகிப்போன உணவுப் பொருட்கள் முதலியன இங்கு உள்ளன. இறந்தோருள் பெயர் அறியப்பட்ட ஏறத்தாழ 7,000 பேரின் பெயர்கள் இங்கு பொறிக்கப்பட்டுள்ளன. இறந்தோரின் மொத்த எண்ணிக்கையோடு இதனை ஒப்பிட்டால், நான்கில் மூன்று பங்கினரின் பெயர்கள் கூட எஞ்சவில்லை என்பது புலனாகும். நகரைச் சுற்றிப் பார்க்கும் முன் இங்கு வருவது நல்லது. பழைய நகரின் ஒளிப்படங்களைப் பார்த்த பின் இடிபாடுகளை அடையாளம் காண்பது எளிதாகிறது.

நாடக அரங்கு

1786 இல் கட்டப்பட்ட இவ்வரங்கு பிரான்சின் போர்தோ நகரிலுள்ள பெரிய அரங்கை முன்மாதிரியாகக் கொண்டது. ஏறத்தாழ 800 பேர் அமரக்கூடியதாக இருந்தது. இன்று எஞ்சியிருப்பவை முகப்பிலுள்ள இரட்டைப் படிக்கட்டும், மேடையின் அடித்தளமும், சில சுவர்களும் ஆகும். படிகளின் மேல் நின்று பார்த்தால் ஒருபுறம் கடலும் மறுபுறம் எரிமலையும் தெரிகின்றன.

சிப்பாரிசின் சிறை அறை

நாடக அரங்கை அடுத்துக் கீழே பழைய சிறையின் இடிபாடுகள் உள்ளன. சிப்பாரிஸ் அடைக்கப்பட்டிருந்த அறை அநேகமாக முழுமையாக எஞ்சியுள்ளது. வளைந்த கற்கூரையும் தடித்த சுவர்களும் கொண்ட இவ்வறைக்குச் சாளரம் கிடையாது. காற்று புகுவதற்கான சிறு திறப்பு எரிமலைக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்ததே அவர் உயிர் தப்பியதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

கோட்டைத் தேவாலயம்

வடக்கே கோட்டைப் பகுதியில் உள்ள இத்தேவாலயம் நகரின் மிகப் பழைய தேவாலயமாகும். வெடிப்பு நேர்ந்தது திருநாளின் காலை வேளையில் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். பெரும் சுவர்த் துண்டுகள் விழுந்த நிலையிலேயே கிடக்கின்றன. மற்ற இடங்களைவிட வெடிப்பின் விசையை இங்குத் தெளிவாக உணரலாம். பார்வையாளர் அதிகம் வராத அமைதியான இடம் இது.

மனநல மருத்துவமனை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட இம்மருத்துவமனையின் இடிபாடுகள் ராக்செலான் ஆற்றின் அருகே உள்ளன. நோயாளிகளைத் தனித்தனியே அடைத்து வைத்த சிற்றறைகளின் வரிசையை இன்றும் காணலாம். அக்கால மருத்துவமுறையை அறிய உதவும் சான்றாகவும் இது விளங்குகிறது.

கற்பாலம்

ராக்செலான் ஆற்றின் குறுக்கே 1766 இல் கட்டப்பட்ட கற்பாலம் வெடிப்பைத் தாங்கி நின்றது. இது தீவின் மிகப் பழைய பாலங்களுள் ஒன்று. இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

ஃபிகியே பகுதியும் கடற்கரையும்

கடற்கரையை ஒட்டிய தாழ்ந்த பகுதியில் பழைய கிடங்குகளின் இடிபாடுகள் வரிசையாக உள்ளன. கப்பல்களிலிருந்து இறக்கப்பட்ட சரக்குகள் வைக்கப்பட்ட இடம் இது. அருகில் சந்தையும், பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்ட வணிக மன்றக் கட்டடமும் உள்ளன. சந்தைக்குக் காலையில் செல்வது சிறந்தது. மூயாஜ் பகுதியிலுள்ள பேராலயம் வெடிப்புக்குப் பின் சீரமைக்கப்பட்டு வழிபாட்டில் உள்ளது.

கடலடிக் கப்பல்கள்

1902 இல் மூழ்கிய கப்பல்களுள் ஏறத்தாழ பன்னிரண்டு கப்பல்களின் சிதைவுகள் விரிகுடாவின் அடியில் கண்டறியப்பட்டுள்ளன. 1970கள் முதல் உள்ளூர் முக்குளிப்பாளர் மிஷேல் மெத்தேரி இவற்றுள் பலவற்றைக் கண்டறிந்து ஆராய்ந்தார். இவற்றுள் பெயர்பெற்றது ரொரைமா என்னும் நீராவிக் கப்பல். தீப்பற்றி எரிந்து சில நாட்களுக்குப் பின் மூழ்கிய இக்கப்பல் ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. தமாயா என்னும் பாய்மரக் கப்பல் ஏறத்தாழ 85 மீட்டர் ஆழத்தில் உள்ளது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் வழக்கமான எல்லை 40 மீட்டர் என்பதால் இவ்விரண்டும் உரிய பயிற்சி பெற்றோருக்கு மட்டுமே ஏற்றவை. புதியவர்கள் ஆழம் குறைந்த இடங்களில் முக்குளிக்கலாம். இக்கப்பல்கள் பலருக்குக் கல்லறையாகவும் இருப்பதால், பொருட்களை எடுப்பது தடைசெய்யப்பட்டுள்ளது.

சுற்றுவட்டார இடங்கள்

பெலே எரிமலை

மோர்ன் ரூஜ் ஊருக்கு அருகிலுள்ள எலரோன் என்னும் இடத்திலிருந்து மலையேறும் வழி தொடங்குகிறது. தொடக்கப் புள்ளியே 800 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ளது. எரிமலை வாயின் விளிம்பு வரை சென்று திரும்பப் பொதுவாக 4 முதல் 5 மணி நேரம் ஆகும். உச்சி பெரும்பாலான நேரங்களில் முகில் சூழ்ந்தே காணப்படும் என்பதால் விடியற்காலையில் புறப்படுவது நல்லது. மழையங்கியும் வழுக்காத காலணியும் தேவை. இம்மலையும் வட மார்ட்டினிக்கின் சிகரங்களும் காடுகளும் 2023 இல் யுனெசுக்கோவின் உலக மரபுக் களங்களாக அறிவிக்கப்பட்டன.

தெபாஸ் வடிசாலை

நகருக்கு மேலே மலைச்சரிவிலுள்ள கரும்புத் தோட்டத்தில் இவ்வடிசாலை அமைந்துள்ளது. 1902 இல் தெபாஸ் குடும்பத்தினர் இறந்தபோது, விக்டர் தெபாஸ் பிரான்சில் படித்துக்கொண்டிருந்ததால் உயிர் தப்பினார். பிற்காலத்தில் திரும்பி வந்த அவர் 1917 இல் வடிசாலையை மீண்டும் தொடங்கினார். அழிந்த குடும்ப மாளிகையைப் போன்ற ஒன்றையும் கட்டினார். வெல்லப்பாகிலிருந்து அன்றி நேரடியாகக் கரும்புச் சாற்றிலிருந்தே இங்கு ரம் வடிக்கப்படுகிறது. இம்முறையில் தயாராகும் மார்ட்டினிக் ரம்முக்கு 1996 இல் பிரான்சின் புவிசார் குறியீட்டுத் தகுதி வழங்கப்பட்டது.

லெ கார்பே

தெற்கே உள்ள இவ்வூரில் 1502 இல் கொலம்பசு கரையிறங்கியதாகக் கூறப்படுகிறது. ஓவியர் பால் கோகன் 1887 இல் சில மாதங்கள் இங்குத் தங்கி ஓவியங்கள் வரைந்தார். அவரைப் பற்றிய விளக்க மையம் ஒன்று இங்கு உள்ளது. லத்தூஷ் என்னும் பழைய தோட்டத்தின் இடிபாடுகளுக்கிடையே விலங்குக் காட்சிச்சாலையும் தாவரத் தோட்டமும் அமைந்துள்ளன.

லெ பிரெஷேர்

வடக்கே கடற்கரைச் சாலையின் முடிவை நோக்கி அமைந்துள்ள ஊர் இது. செரோன், கூலேவ்ர் ஆகிய கருமணற் கடற்கரைகள் மரங்கள் சூழ்ந்து அமைதியாக உள்ளன.

பாஸ் புவாந்த்

தீவின் வடகிழக்கில் அத்திலாந்திக் கரையில் உள்ள இவ்வூரும் அதன் சுற்றுப்புறமும் இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் பகுதியாகும். கவிஞர் எமே செசேர் 1913 இல் பிறந்த ஊரும் இதுவே. இங்குள்ள சிறு கோயில்களில் மாரியம்மன் "மாரியெமென்" எனவும், மதுரை வீரன் "மால்தெவிலன்" எனவும் வழிபடப்படுகின்றனர். நாகூர் ஆண்டவரும் "நாகூர் மீரா" என்னும் பெயரில் அதே வழிபாட்டில் இடம்பெறுகிறார். சோழமண்டலக் கரையின் நாட்டார் வழிபாடு பல தலைமுறைகளுக்குப் பின்னும் இங்கு நிலைத்திருப்பதை இப்பெயர்கள் காட்டுகின்றன.

உணவு

மீன் உணவுகள், உப்பிட்ட மீன் சேர்த்துப் பொரிக்கப்படும் "அக்ரா" ஆகியவை பரவலாகக் கிடைக்கின்றன. "கொலோம்போ" என்பது கொத்தமல்லி, சீரகம், மஞ்சள் முதலியவற்றை அரைத்த பொடியில் சமைக்கப்படும் இறைச்சிக் கறியாகும். இந்தியத் தொழிலாளர் வழியே வந்த இவ்வுணவு இன்று தீவினர் அனைவருக்கும் உரியதாகிவிட்டது. இதன் பெயர் இலங்கையின் கொழும்பு நகரிலிருந்து வந்தது என்றும், தமிழ்ச் சொல்லான "குழம்பு" என்பதன் திரிபு என்றும் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன.

பயணத் தகவல்கள்

மார்ட்டினிக்கின் வானூர்தி நிலையம் லமாந்தான் ஊரில் உள்ளது. அங்கிருந்து சென் பியேருக்கு நேரடித் தொடருந்து வசதி இல்லை. சாலை வழியாகவே செல்ல வேண்டும். மலையேற்றத்துக்கும் சுற்றுவட்டார ஊர்களுக்கும் வாடகை மகிழுந்து வசதியானது. நாணயம் யூரோ ஆகும். பிரெஞ்சும் கிரியோலும் பேசப்படுகின்றன. டிசம்பர் முதல் மே வரையான வறண்ட காலம் பயணத்துக்கு ஏற்றது. சூன் முதல் நவம்பர் வரை மழையும் சூறாவளி அபாயமும் உண்டு. ஆண்டுதோறும் மே 8 இல் நகரில் நினைவு நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன.

எரிமலைக் கண்காணிப்பு

பெலே இன்றும் உயிருள்ள எரிமலையே. 1932 க்குப் பின் அது வெடிக்கவில்லை. தீவிலுள்ள ஆய்வு நிலையம் நில அதிர்வு, நிலத்தின் உருமாற்றம், வளிம வெளியேற்றம் ஆகியவற்றை இடையறாது அளந்து வருகிறது. 2019 முதல் மலைக்கடியில் சிறு அதிர்வுகள் அதிகரித்ததைத் தொடர்ந்து 2020 டிசம்பரில் எச்சரிக்கை நிலை பச்சையிலிருந்து மஞ்சளுக்கு உயர்த்தப்பட்டது. மஞ்சள் நிலை என்பது கூடுதல் கண்காணிப்பைக் குறிக்குமே தவிர வெடிப்பு நெருங்கிவிட்டது எனப் பொருள்படாது. எனினும் மலையேறுவோர் அன்றைய அறிவிப்புகளை அறிந்து செல்ல வேண்டும்.

1902 இல் அறிகுறிகளுக்குக் குறைவிருக்கவில்லை. அவற்றின் பொருளை அறியும் அறிவியலே அன்று இருக்கவில்லை. பைரோகிளாஸ்டிக் பாய்வைப் பற்றிய இன்றைய புரிதலுக்கும், எரிமலை அடிவாரங்களில் வாழ்வோரை முன்கூட்டியே வெளியேற்றும் இன்றைய நடைமுறைகளுக்கும் சென் பியேரின் அழிவு ஒரு தொடக்கப் புள்ளியாக அமைந்தது.